நின்றால் நடுங்கும் அம்பாசடர்

பழைய கார் ஒன்றை வாங்குகிறவன் ஊரார் வாயையும் சேர்த்தே வாங்குகிறான். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வாசலோடு நலம் விசாரித்துவிட்டுப் போகிறவர்கள், கார் இரண்டு முறை இருமினால் போதும், சட்டைக் கையை மடித்துக்கொண்டு வைத்தியம் பார்க்க வந்துவிடுவார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சரியாகச் சொன்னதில்லை. (நான் மட்டும் சொன்னேனா என்று உடனே கேட்காதீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.)

இதை நான் எழுத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. என் தங்கையின் மாப்பிள்ளை அழைப்பில் நடந்த ஒரு சிறிய அசௌகரியம், எங்கள் இரு குடும்பத்தாரின் வாயிலும் புகுந்து புறப்பட்டு, இப்போது அடையாளம் தெரியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. அண்மையில் காதில் விழுந்த ஒரு பதிப்பில் நான் நடுத்தெருவில் நின்று அழுததாகவும் இருந்தது. நான் அழவில்லை. கற்பூரப் புகை முகத்துக்கு நேரே வந்தால் யார் கண்ணிலும் நீர் வரும்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் விரிவுரையாளனாக இருந்தேன். தந்தையார் காலமாகிவிட்டபடியால் தங்கை வசந்தாவின் திருமணம் என் பொறுப்பு. தெருவில் என்னைக் கண்டால் மாணவர்கள் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பார்கள். அந்த மரியாதைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்றுதான், வளவனூரில் ஒரு டாக்டர் கழித்துக்கட்டிய வெண்ணெய் நிற அம்பாசடரை வாங்கினேன். ஓட்டிப் பார்த்தபோது பட்டுப்போல ஓடியது. நிறுத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. டாக்டரும் நிறுத்திக் காட்டவில்லை.

அந்தக் காரின் குணம் இதுதான். ஓடும்வரை அது ஒரு கனவான். சிக்னலிலோ கடை வாசலிலோ என்ஜினை அணைக்காமல் நிறுத்தினால், குளிர்காய்ச்சல் கண்டவனைப் போல நடுங்கத் தொடங்கும். கதவின் கைப்பிடிகள் கிடுகிடுக்கும், கண்ணாடிகள் பற்களைக் கடிக்கும். பின்னிருக்கையில் இருப்பவர் ஏதாவது சொன்னால் அது பஜனைப் பாட்டைப்போல அலையலையாக வரும். அதே நேரத்தில் ஓட்டுநருக்கு எதிரே உள்ள பலகையில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று கண் சிமிட்டும். ஆக்சிலேட்டரை மிதித்தால் நடுக்கமும் நின்றுவிடும், விளக்கும் அணைந்துவிடும். காலை எடுத்தால் இரண்டும் திரும்பி வரும். சில வேளை என்ஜின் தானாகவே மூச்சை விட்டுவிடும்.

பட்டறைக்காரர் ஒருவர் பிளக்குகளை எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டு, "சார், இது வயசான வண்டி. வயசானவரை ஒரே எடத்துல நிக்க வச்சா கால் நடுங்கத்தான் செய்யும். நடக்க வுட்டா நடப்பாரு. நீங்க எதுக்கு நிக்க வக்கிறீங்க?" என்று என்னையே குறுக்கு விசாரணை செய்தார். வேதியியல் துறை நண்பர், பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருப்பதாக மோந்து பார்த்தே தீர்ப்புச் சொன்னார். என் மாமனார் கண்ணேறு என்றார். மூடநம்பிக்கைக்கு என் காரில் இடமில்லை என்று நான் கண்டிப்பாகச் சொன்னதன் விளைவாக, என் மனைவி சரோஜா எலுமிச்சம்பழத்தை எனக்குத் தெரியாமல் பம்பருக்கு அடியில் கட்டினாள்.

ஆகவே நானே ஆராய்வது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பானெட்டைத் திறந்துவைத்து நான் குனிந்து நிற்க, வசந்தா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து நான் சொல்லும்போது ஆக்சிலேட்டரை மிதிப்பாள்.

"அண்ணா, ஆடும்போதுதான் இந்த வெளக்கும் எரியுது. ரெண்டும் ஒரே வியாதியா இருக்குமோ?" என்றாள் ஒருநாள்.

"நடுக்கம் எந்திரவியல். விளக்கு மின்சாரவியல். இரண்டுக்கும் தனித்தனிப் பாடப்புத்தகம் இருக்கிறது," என்றேன்.

"வண்டி அந்தப் புஸ்தகத்தைப் படிச்சிருக்கணுமே."

"மிதிக்கச் சொன்னால் மிதி."

சிக்கலைப் பகுதி பகுதியாகப் பிரித்து அணுகுவதே அறிவியல். முதலில் எந்திரவியல் பகுதி. கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினேன். திரும்பப் பொருத்தும்போது, கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் காற்றுப் புகாமல் இருக்க வைத்திருந்த பேக்கிங் என்னும் அட்டை வளையம் என் கையோடு கிழிந்து வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. கையெட்டும் தூரத்தில் வசந்தாவின் கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருந்தன. நல்ல கனமான அட்டை, ஓரத்தில் தங்க நிற அச்சு. ஒன்றை எடுத்து அளவாக வெட்டிப் பொருத்தினேன். பாடம் நடத்தும் சாக்பீஸ் கைகளுக்கு அந்த வளையம் அவ்வளவு வட்டமாக வந்தது கண்டு நானே சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு நடுக்கம் சற்றே கூடியதாக வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அது அவர்கள் மனப்பிரமை என்று விளக்கினேன்.

அடுத்து மின்சாரவியல் பகுதி. அந்தச் சிவப்பு விளக்கை எவ்வளவோ ஆராய்ந்தும் காரணம் பிடிபடாதபோது, அதன் பல்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு விளக்கு எரியவே இல்லை.

(சிரிக்காதீர்கள். முடிவு கிடைத்ததா இல்லையா?)

இப்போது மாப்பிள்ளை வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மாப்பிள்ளை குணசேகரன் திண்டிவனத்துக்காரர். பி.காம். முடித்துவிட்டு, குடும்பத்துக்குச் சொந்தமான, மல்லாட்டை (அதாவது வேர்க்கடலை) உடைக்கும் மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசினால் கேட்பதற்குக் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும், அவ்வளவு அடக்கம். என்னை 'சார்' என்றே அழைப்பார். அவருக்கும் தந்தை இல்லை. எல்லாம் பெரியப்பா ஏகாம்பரம்தான். அந்தப் பெரியவருக்கு இந்தச் சம்பந்தத்தில் அரை மனது. "வாத்தியார் ஊட்டுல பொண்ணு எடுத்தா, நாம வாய தொறந்தாவே தப்பு கண்டுபுடிப்பாங்க" என்று அவர் சொன்னது ஆள் மாற்றி ஆள் வழியாக என் காதுக்கு வந்திருந்தது.

பூ வைக்க வந்த அன்று, மாப்பிள்ளை அழைப்புக்குப் பாண்டிச்சேரியிலிருந்து திறந்த கார் ஒன்று வாடகைக்கு ஏற்பாடு செய்யவேண்டும் என்றார் பெரியப்பா. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சொந்தக் கார் வாசலில் நிற்கும்போது வாடகைக் கார் எதற்கு? திண்டிவனத்தில் உங்கள் வாசலிலிருந்து மண்டபத்து வாசல்வரை மாப்பிள்ளையை நானே அழைத்து வருவேன்."

"பழைய வண்டின்னு சொன்னாங்களே?"

"வண்டி பழையதாக இருக்கலாம். என் வார்த்தை பழையதல்ல."

பெரியப்பா வெற்றிலையை மடித்து வாய்க்குள் தள்ளினார். "சரிங்க சார். உங்க வார்த்தை. ஆனா ஊர்கோலம் பாதியில நின்னுதுன்னா, நாங்க புள்ளைய இட்டுக்கினு பஸ்ஸு ஏறிடுவோம். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

சபையில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்ற வசந்தாவும் சிரிக்கவில்லை என்பதை இரவுச் சாப்பாட்டின்போது தெரிந்துகொண்டேன்.

"அண்ணா, வாடகைக் காரே சொல்லிடேன். அந்தப் பெரியவர் வெளையாட்டுக்குச் சொல்லல," என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர, வாயில் வைக்கவில்லை. குணசேகரனை அவளுக்குப் பிடித்திருந்தது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும்தான் அது எங்களுக்குத் தெரியாது என்ற எண்ணம்.

"என் மேல் நம்பிக்கை இல்லையா?"

"உன் மேல இருக்கு. வண்டி மேலதான் இல்ல."

சபையில் கொடுத்த வாக்கை எப்படித் திரும்பப் பெறுவது? பெறவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் பகலில் திண்டிவனம் போனேன். உறவினர்கள் வேனில் முன்னே புறப்பட, மாப்பிள்ளையும் பெரியப்பாவும் என் காரில் ஏறினார்கள். நெடுஞ்சாலையில் வண்டி அன்று ஓடிய ஓட்டத்தை இன்று நினைத்தாலும் பெருமைதான். பெரியப்பா ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "பரவாயில்ல சார், வண்டி சூப்பராத்தான் போவுது" என்று வாய் திறந்து பாராட்டினார். விக்கிரவாண்டி நெருங்கும்போது ஒரு ஆட்டு மந்தை சாலையைக் கடந்தது.

நின்றோம். கார் நடுங்கத் தொடங்கியது.

"இன்னா சார் இது? சீட்டுக்கு அடியில மாவு மிஷின் கிஷின் வச்சிருக்கீங்களா? இடுப்பெல்லாம் கூசுது!"

"கனமான என்ஜின்களுக்கு இந்தக் கம்பீரம் உண்டு," என்றேன்.

அவர் முன்னால் குனிந்து பலகையை உற்றுப் பார்த்தார். "எங்க மில்லு வண்டியில இங்க ஒரு செவப்பு லைட்டு எரியும். இதுல காணமே?"

"இந்த வண்டிக்கு அது தேவைப்படுவதில்லை."

பின்னிருக்கையில் மாப்பிள்ளை லேசாக இருமினார். அது இருமல்தானா என்று எனக்கு இன்றுவரை ஐயம் உண்டு.

மாலையில் விழுப்புரத்தில், பிள்ளையார் கோயில் வாசலில் காரை அலங்கரித்தார்கள். மல்லிகைச் சரங்கள், சாமந்தி மாலைகள், பின்னிருக்கையில் சிவப்பு வெல்வெட் விரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, கூரையைச் சுற்றிலும் பானெட்டின் மேலும் வண்ண வண்ண சீரியல் பல்புகள். பல்பு கட்ட வந்தவர், "தனி பேட்டரி கொண்டாரட்டுமா சார், இல்ல வண்டியிலயே குடுத்துடலாமா? தாங்குமா?" என்றார். "தாராளமாகத் தாங்கும். டைனமோ என்று ஒன்று இருக்கிறது," என்று அவருக்கு மின்சாரம் உற்பத்தியாகும் விதத்தைச் சுருக்கமாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே கம்பியை முறுக்கினார்.

ஓடும் வண்டியில்தான் டைனமோ நன்றாக வேலை செய்யும் என்பதும், மாப்பிள்ளை அழைப்பில் வண்டி ஓடாது, நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் நகரும் என்பதும், நகரும் வேகத்தில் பேட்டரியிலிருந்து எடுப்பதெல்லாம் செலவுதான், வரவு கிடையாது என்பதும், அதை எச்சரிக்கத்தான் அந்தச் சிவப்பு விளக்கு இத்தனை நாள் கண் சிமிட்டியது என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. இதே பாடத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் நடத்துகிறவன் நான். அன்று மாலை அவை நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பல்பு என் சட்டைப்பையில் இருந்தது.

கோட்டு சூட்டில், கழுத்து மறைய ரோஜா மாலையோடு குணசேகரன் பின்னால் ஏறினார். பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இரு பக்கமும் அணிவகுத்தன. மேளம் கொட்டியது. எட்டு மணிக்குள் மண்டபத்தில் நிச்சயதார்த்தம் தொடங்கவேண்டும், அதற்குப் பின் நேரம் சரியில்லை.

முதல் முறை என்ஜின் நின்றது நகைக்கடை வாசலில். செல்ப் போட்டுக் கிளப்பினேன். இரண்டாம் முறை காய்கறி மார்க்கெட் முனையில். மறுபடி கிளப்பியதும், இனி நின்றுவிடக் கூடாதே என்று ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தினேன். கார் ஒரு துள்ளுத் துள்ளி, தவில்காரரின் முதுகை மெல்லத் தொட்டது. அவர் அடித்துக்கொண்டிருந்த தாளத்தைப் பாதியில் விட்டுவிட்டு நாதஸ்வரக்காரரைத் தாண்டி ஓடினார்.

"சார், நாங்க மங்கள வாத்தியம் வாசிக்க வந்தோம். எங்களுக்கே சங்கு ஊதிடாதீங்க!" என்று தூரத்தில் நின்று கத்தினார்.

டீக்கடை முனையில் என் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் கூட்டமாக நின்றார்கள். கார் அவர்களுக்கு எதிரே வந்ததும் அங்கமெல்லாம் குலுங்கியது. "சார், வைப்ரேஷன் பாடம் நாளைக்குத்தான சார்?" என்று ஒரு குரல் வந்தது. நான் நேரே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஓட்டினேன் என்பதுகூடச் சரியல்ல. அடுத்த பத்தடியில் கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. சாவியைத் திருப்பினேன். கட், கட் என்றது. மீண்டும் திருப்பினேன். கட் என்று மட்டும் சொன்னது. கூரைமேல் பச்சையும் நீலமும் சிவப்புமாக மின்னிய பல்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் காமாலை கண்டு மஞ்சளாகி, மெல்லக் கண்மூடின.

நாதஸ்வரக்காரர்கள் இதை அறியாமல் வாசித்துக்கொண்டே வெகுதூரம் போய்விட்டார்கள். பின்னால் நின்றுபோன டவுன் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டினார். "யோவ், மாப்ளைய எறக்கி நடத்திக்கினு போங்கய்யா! ட்ரிப்பு போவுது!"

பிறகு நடந்ததைச் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. விழுப்புரத்தில் அன்று மாலை வேலை இல்லாத அனைவரும் என் பானெட்டைச் சுற்றிக் கூடினார்கள்.

"பெட்ரோல் இல்லப்பா. அடப்பு."

"அடப்புன்னா புகை வருமே. இது பாயின்ட் போச்சு."

"பாயின்ட்டா? பேட்டரில தண்ணி இருக்குதா பாரு மொதல்ல."

"நான் சொல்றேன், சைலன்சர்ல எலி பூந்திருக்கும். எங்க மாமா வண்டியில அப்படித்தான்."

பூச்சரங்களை விலக்கிக்கொண்டு நான் உள்ளே பார்த்தேன். நெற்றி வியர்வை கார்புரேட்டரில் சொட்டியது. தோளில் ஒரு கை விழுந்தது. பெரியப்பா.

"போதும் சார். அன்னைக்கே சொன்னேன் இல்ல? டேய் குணா, எறங்குடா! பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான் இருக்குது."

அவர் குரல் உயரவேயில்லை. என் மனக்கண்ணில் மண்டபமும் விருந்தும் தெரியவில்லை. மணப்பெண் அறையில் பூ வைத்துக்கொண்டு, மேளச் சத்தம் கிட்டே வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் வசந்தா மட்டும் தெரிந்தாள்.

பின்கதவு திறந்தது. குணசேகரன் இறங்கினார். முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகவில்லை. மாலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு பானெட்டுக்கு வந்து குனிந்து பார்த்தார். கார்புரேட்டரின் அடியில் அவர் பார்வை நின்றது.

"சார்... இது நம்ம பத்திரிகைதானே?"

"ஆம். கனமான அட்டை."

"என் பேரு பாதி வெளிய தெரியுது சார்."

"மரியாதைக் குறைவாக உள்ளே போகக் கூடாது என்றுதான்," என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் சிரித்தார். அடக்கமான அந்த மனிதரின் சிரிப்பு இவ்வளவு பெரிது என்று அன்றுதான் தெரிந்தது. சிரித்து முடித்து, சீரியல் பல்புக் கம்பியைப் பேட்டரியிலிருந்து பிடுங்கி எறிந்தார்.

"பெரியப்பா, பஸ்ஸு எங்கயும் ஓடிடாது. ஆளுங்கள தள்ளச் சொல்லுங்க. அட்டை சந்துல காத்து இழுத்துக்கினு, வண்டி நின்னா என்ஜினும் நின்னுடுது, அவ்ளோதான். ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுக்காம ஓட்டினா மண்டபம் போயிடலாம். சார், சாவி குடுங்க. நான் ஓட்டறேன்."

"மாப்பிள்ளையே காரோட்டுவதா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊரு இப்ப சொல்றதவிடவா சார்?"

மில்லுக்கு மூட்டை ஏற்றும் பழைய வண்டிகளை ஓட்டிப் பழகியவர். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். மாலை ஸ்டியரிங்கில் சிக்கியது. கழற்றினார்.

"டேய், டேய்! மாலைய கீழ வைக்காத! ஆவாது!" என்று பெரியப்பா அலறினார். "மாப்ள சீட்டும் காலியா போவக் கூடாது. ஊர்கோலத்துல சீட்டு காலியா போனா நல்லாவா இருக்கும்? யாரனா ஒக்காருங்க!"

"தோழன் ஒக்காரலாம்," என்றது கூட்டத்தில் ஒரு அனுபவக் குரல். மாப்பிள்ளைத் தோழன் என்பவன் பெண்ணின் சகோதரன். பெண்ணுக்கு ஒரே சகோதரன் நான்.

"நான் தள்ளுகிறேன்," என்றேன்.

"தள்ளறதுக்கு ஆளு இருக்குது. நீங்க ஏறுங்க சார், ஜல்தி! மணி ஆவுது!"

மறுத்துப் பேச அவகாசம் தரவில்லை. ரோஜா மாலை என் கழுத்தில் விழுந்தது. சிவப்பு வெல்வெட்டின் நடுவில் என்னைத் திணித்துக் கதவைச் சாத்தினார்கள். மேளத்தோடு திரும்பி வந்த தவில்காரர், பெட்ரோமாக்ஸ்காரர்கள், என் மாணவர்கள், டவுன் பஸ் கண்டக்டர் எல்லோரும் சேர்ந்து தள்ள, கார் இருமி, உறுமி, உயிர் பிடித்தது. குணசேகரன் கிளட்சைப் பாதியில் பிடித்து, ஒரே காலின் நுனியால் பிரேக்கையும் குதிகாலால் ஆக்சிலேட்டரையும் கவனித்துக்கொண்டார். என்ஜின் சீராக உறுமியது. கார் மேளத்துக்கு அடங்கி நடந்தது. ஒரு குலுக்கல் இல்லை.

தெருவின் இருபுறமும் மக்கள் என்னைப் பார்த்தார்கள். புத்தகக்கடை வாசலில் எங்கள் கல்லூரி முதல்வர் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் பழக்கதோஷத்தில் கை கூப்பினார். நானும் மாலைக்குள்ளிருந்து கை கூப்பினேன். (வேறு என்ன செய்திருக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.)

மண்டபத்தை எட்டியபோது எட்டு மணிக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். ஊர்வலம் தாமதமானதால் எல்லோருக்கும் பதற்றம். கெட்டிமேளம் முழங்கியது. யாரோ பின்கதவைத் திறந்தார்கள். குணசேகரன் அந்தப் பக்கம் பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம் இறங்கினேன். முன்வரிசையில் கற்பூரம் எரியும் தட்டை ஏந்தி நின்றவள், மணப்பெண்ணின் அண்ணி என்ற முறையில், என் மனைவி சரோஜா.

அவள் வாய் திறந்தபடியே நின்றது. "இது இன்னாங்க கோலம்?"

"பிறகு விளக்குகிறேன்."

"மாப்ள எங்க?"

"ஓட்டிக்கொண்டு வருகிறார்."

"அப்ப நீங்க?"

அவளுக்குப் பின்னால் நின்ற என் அத்தைக்கு எதிரே நிற்பது யார் என்று தெரியவில்லையா, தெரிந்தும் பொருட்படுத்தவில்லையா என்பது இன்னும் தீராத வழக்கு. "கற்பூரம் அணையறதுக்குள்ள சுத்துடி! ஏத்தின ஆரத்திய திருப்பி எடுத்துக்கினு போவாங்களா? மாலையோட எதுக்க நிக்கிறவருக்குச் சுத்து!" என்று சரோஜாவின் முழங்கையைப் பிடித்துத் தள்ளினாள்.

சரோஜா சுற்றினாள். மூன்று முறை சுற்றி, ஆரத்தி நீரைத் தொட்டு என் நெற்றியில் பொட்டும் வைத்தாள். வைக்கும்போது அவள் தோள்கள் குலுங்கின. சிரிப்பை அடக்கினாள் என்று பிறகு ஒப்புக்கொண்டாள். "ஸ்டெடி சார், இங்க பாருங்க" என்றார் போட்டோக்காரர். பளிச்சென்று ஒளி அடித்தது. அவர் வெளியூர்க்காரர். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வயது அதிகம் என்று மட்டும் நினைத்துக்கொண்டாராம்.

நான் பெரியப்பாவைத் தேடினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர், பொட்டும் மாலையுமாக நிற்கும் என்னை மேலும் கீழும் பார்த்தார். மேளம் நின்றுவிட்டது. அந்த ஒரு கணத்தில் என் தங்கையின் வாழ்க்கை அவர் உதட்டில் நின்றது. அந்த உதடு ஒருபக்கமாகக் கோணியது. பிறகு, வாத்தியார் வீட்டைக் கண்டு அஞ்சிக்கொண்டிருந்த அந்த மனிதர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பின் நடுவே என் தோளில் சாய்ந்தேவிட்டார்.

"அம்மாடி, உன் ஊட்டுக்காரருக்கு ரெண்டாங் கல்யாணம் முடிஞ்சிது! எங்க புள்ளைக்கும் ஒரு தட்டு சுத்துங்கம்மா, அவனும் பாவம், ஒரு கல்யாணம் பண்ணிக்கட்டும்!"

சரோஜா உள்ளே ஓடி வேறு தட்டு கரைத்துக்கொண்டு வந்தாள். குணசேகரன் பூட்ஸை மாட்டிக்கொண்டு, என் கழுத்திலிருந்த மாலையை வாங்கி அணிந்துகொண்டார். "வர்றேன் மச்சான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றோடு 'சார்' போனது. நிச்சயதார்த்தம் குறித்த நேரத்தில் தொடங்கியது. பெரியப்பா அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வாய் திறந்து பேசத் தயங்கியதே இல்லை. தயங்கியிருக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

கல்யாணம் முடிந்த வாரத்தில் குணசேகரன் முறையான பேக்கிங் ஒன்றைப் பொருத்தினார். சிவப்பு விளக்குக்கு ஒரு பல்பும் கேட்டார். சட்டையோடு அது சலவைக்குப் போய்விட்டது. நடுக்கம் அடியோடு நின்றது. ஆனால் நடுக்கம் நின்ற பிறகுதான் என் தொல்லை தொடங்கியது.

இரண்டு ஆண்டு கழித்துக் குணசேகரனின் தம்பிக்குக் கல்யாணம். மண்டப வாசலில் பெரியப்பா ஊர்வலத்தை நிறுத்தி, "மொதல்ல நம்ம வாத்தியாருக்குச் சுத்துங்க. அந்த ராசிதான் நம்ம குடும்பத்துக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அந்த ஒருமுறைக்கு என்று நின்றேன். அந்த ஒருமுறைதான் தவறு. அடுத்து என் மாமன் மகனுக்கு. பிறகு வசந்தாவின் மகனுக்கு. விளையாட்டு எப்போது வழக்கமாயிற்று, வழக்கம் எப்போது சம்பிரதாயமாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது இரு குடும்பத்திலும் மாப்பிள்ளை அழைப்பு என்றால், கூட்டம் கூட்டமாக வந்து என்னைக் காரின் பின்னிருக்கையில் ஏற்றுகிறார்கள். சென்ற தைமாதம் என் பேரனின் கல்யாணத்தில், மதுரையிலிருந்து வந்த புதுச் சம்பந்தி மெல்ல என் காதருகே குனிந்து, "இது உங்க பக்கத்துப் பழைய முறைங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

நான் விளக்குவதற்கு வாய் திறந்தேன். அதற்குள் வசந்தா, "ஆமாங்க, ரொம்பப் பழைய முறை. மூத்தவரு எறங்கி ஆரத்தி வாங்கினாத்தான் மாப்ள எறங்கலாம்" என்றாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. சம்பந்தி பயபக்தியோடு தன் மகனிடம், இதைக் குறித்துவைத்துக்கொள் என்றார்.

கதவு திறந்தது. இறங்கினேன். எதிரே, நரைத்த தலையில் மல்லிகையோடு, தட்டை இரு கைகளாலும் பிடித்தபடி சரோஜா. இப்போதெல்லாம் அவள் கைதான் சற்று நடுங்குகிறது.

"அப்படியே நில்லுங்க," என்றாள். "அசையாதீங்க."

நின்றேன்.